பிள்ளையைக் கேட்டீர்களா?

மணவாழ்க்கை முறிந்து போவது வருந்தத்தக்கது. ஆயினும், இனிச் சேர்ந்து வாழ இயலாது என்னும் நிலை வந்துவிட்டால், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் இழிவுபடுத்தாமல் நல்ல முறையில் பிரிந்து செல்ல நம் மார்க்கம் வழி வகுத்திருக்கிறது. அந்தப் பிரிவினை ஒழுங்குபடுத்தும் பணியை நம் மஹல்லா ஜமாஅத்துகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றன. நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடக்காமல், ஊர்ப் பெரியவர்கள் கூடி ஓரிரு அமர்வுகளில் காரியத்தை முடித்து வைப்பது எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருந்திருக்கிறது. இதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால், அந்த அமர்வுகளின் முடிவில் எழுதப்படும் உடன்படிக்கைகளைப் படித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மஹர் பாக்கி எவ்வளவு, நகை எத்தனை பவுன், எது பெண் வீட்டார் போட்டது, எது மாப்பிள்ளை வீட்டார் போட்டது, கட்டில், பீரோ, பண்டபாத்திரம் இவற்றில் எவை திரும்ப வேண்டும் என்பன எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால், பெரும்பாலும் கடைசிப் பத்தியில், பிள்ளை இன்னாரிடம் இருக்கும், மற்றவர் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி காணப்படும். நகையை எடை போட்டார்கள், பாத்திரத்தை எண்ணினார்கள். பத்து வயதுப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டார்களா?

பெரும்பாலும் கேட்பதில்லை. எந்த வீட்டில் உறங்கப் போகிறோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறோம், தம்பி தங்கையோடு இருப்போமா பிரிவோமா என்பதெல்லாம் முடிவாகிக் கையெழுத்தும் ஆன பிறகே அந்தப் பிள்ளைக்குத் தெரிய வருகிறது. சில வேளைகளில் அதுவும் தெரிவிக்கப்படுவதில்லை. நாலு நாள் இருந்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்த வழக்கம் ஒழிய வேண்டும். விவரம் அறிந்த பிள்ளையை நேரில் கேட்காமல், அது யாரிடம் வளர வேண்டும் என்றோ, மற்றவர் அதனை எவ்வாறு சந்திக்க வேண்டும் என்றோ எந்த ஜமாஅத்தும் முடிவு செய்யலாகாது. இதுவே நாம் சொல்ல வந்தது.

இதனைக் காரைக்கால் வாசகர்களை நோக்கிச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. மூன்று புறம் தமிழ்நாட்டு மண்ணும் ஒரு புறம் வங்கக் கடலும் சூழ்ந்த இந்தச் சிறு பகுதி 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1-இல் அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. பிரெஞ்சு ஆட்சி 1819 ஜனவரியில் பிறப்பித்த ஒழுங்காணை, கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் இந்துவானாலும் அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியுமே தீர்ப்பளிக்கப்படும் என்று உறுதி கூறியது. 1881-இல் வந்த ஆணையோ, விரும்புவோர் தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்றது. அவ்வாறு ஏற்றவர்களே ரெனோன்சான்கள். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் 1968-இல் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டபோதும் அவர்கள் அதற்குப் புறம்பாகவே நிறுத்தப்பட்டார்கள். இணைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் வேறு இருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சு நாட்டில் வாழ்கிறார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் இருவேறு சட்டங்களுக்கு உட்பட்டிருப்பது காரைக்காலில் புதுமையன்று.

இத்தனை சட்டங்களோடு பழகிய ஊரில், பிள்ளையின் வாய்ச்சொல்லைப் பற்றி அந்தச் சட்டங்கள் என்ன கூறுகின்றன என்று தேடிப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஒரே திசையையே காட்டுகின்றன. ஷாஃபியீ ஃபிக்ஹு நூல் கேட்கச் சொல்கிறது. பிரெஞ்சுச் சிவில் சட்டம் கேட்கச் சொல்கிறது. இந்தியச் சட்டம் கேட்கலாம் என்கிறது. கேட்க வேண்டாம் என்பது நம் ஊர் வழக்கம் ஒன்றுதான்.

முதலில் நம் மார்க்க ஆதாரத்தைப் பார்ப்போம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் வந்திருக்கும் நிகழ்ச்சி நம் உலமாக்கள் அறியாததன்று. ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மைப் பிரிந்த கணவர் மகனைக் கொண்டு போக விரும்புகிறார் என்று முறையிட்டார். அந்த மகன் தமக்காக அபூ இனபாவின் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து தருபவன், தமக்கு உதவியாக இருப்பவன் என்றும் எடுத்துரைத்தார். தந்தையோ, தம் பிள்ளை விஷயத்தில் தம்மோடு வழக்காட யாருக்கு உரிமை உண்டு என்று கேட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவனை நோக்கி, இவர் உன் தந்தை, இவர் உன் தாய், விரும்பியவர் கையைப் பற்றிக்கொள் என்று கூறினார்கள். சிறுவன் தாயின் கையைப் பற்றினான். தாய் அவனை அழைத்துக்கொண்டு சென்றார்.

இந்த நிகழ்ச்சியை, தாய்க்கு வெற்றி என்று மட்டும் படித்துச் செல்வோர் அதன் உட்பொருளைத் தவற விடுகிறார்கள். தாய் எடுத்துச் சொன்னது தம் தேவையை. தந்தை எடுத்துச் சொன்னது தம் உரிமையை. பிள்ளைக்கு எது வேண்டும் என்று இருவருமே பேசவில்லை. அந்த இடத்தில்தான் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் திருமுகம் பிள்ளையை நோக்கித் திரும்பியது. இன்று நம் ஜமாஅத் அமர்வுகளிலும் ஒரு தரப்பு தேவையைப் பேசுகிறது. மறு தரப்பு உரிமையைப் பேசுகிறது. பஞ்சாயத்தார் இரண்டையும் கேட்டுத் தலையசைக்கிறார்கள். மூன்றாமவரை நோக்கித் திரும்பும் அந்த ஸுன்னத் மட்டும் நம்மிடம் கைவிடப்பட்டிருக்கிறது.

காரைக்கால் மரைக்காயர் குடும்பங்கள் ஷாஃபியீ மத்ஹபைச் சார்ந்தவை. அந்த மத்ஹபில் பெரிதும் ஓதப்படும் மின்ஹாஜ் என்னும் நூலை எழுதியவர் இமாம் நவவீ (ரஹ்); அவர் மறைந்தது 1277-இல். பெற்றோர் பிரிந்துவிட்டால், நல்லது கெட்டது பிரித்தறியும் பருவமாகிய தம்யீஸை அடைந்த பிள்ளை, இருவரில் தான் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம் இருக்கும் என்பது அந்நூல் கூறும் சட்டம். ஏறத்தாழ ஏழு வயதில் இந்தப் பருவம் தொடங்குவதாக ஃபுகஹாக்கள் கணக்கிடுகிறார்கள். இருவரும் வளர்க்கத் தகுதி உடையவர்களாய் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆண் பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைக்கும் இந்தத் தேர்வு உண்டு. ஹன்பலீ மத்ஹபு ஆண் பிள்ளைக்குத் தேர்வு தந்து பெண் பிள்ளையைத் தந்தையிடம் சேர்க்கிறது. ஷாஃபியீ மத்ஹபு அந்த வேறுபாட்டைச் செய்யவில்லை.

அதற்கு மேலும் அந்நூல் செல்கிறது. ஒருவரைத் தேர்ந்த பிள்ளை பின்னர் மனம் மாறி மற்றவரை விரும்பினால், அவரிடம் மாற்றப்படும். மகன் தந்தையைத் தேர்ந்தால், தாயைப் போய்ப் பார்ப்பதைத் தந்தை தடுக்கலாகாது. மகள் தந்தையைத் தேர்ந்தால், தாய் வந்து அவளைப் பார்ப்பதைத் தடுக்கலாகாது. பிள்ளை நோயுற்றால் பணிவிடை செய்யும் முதல் உரிமை தாய்க்கே. மகன் தாயைத் தேர்ந்தால், இரவில் தாயிடமும் பகலில் தந்தையிடமும் இருப்பான். அவனுக்கு ஒழுக்கமும் கல்வியும் தொழிலும் பயிற்றுவிப்பது தந்தையின் கடமை. மகள் தாயைத் தேர்ந்தால், தந்தை வழக்கப்படி வந்து பார்த்துச் செல்வார். இருவரையும் வேண்டும் என்ற பிள்ளைக்கும், எவரையும் சொல்லாமல் மௌனமாக நின்ற பிள்ளைக்கும் கூட அங்கே விதி எழுதப்பட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்னும் ஒற்றை வரியோடு எழுந்துவிடும் நம் பஞ்சாயத்துகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுப்ஹுத் தொழுகையில் குனூத் விடுபட்டால் ஸஜ்தா ஸஹ்வு செய்யாமல் எழ மாட்டோம். அவ்வளவு நுட்பமாக மத்ஹபைப் பேணும் ஊரில், அதே மத்ஹபு பிள்ளைக்குக் கொடுத்த நாவை மட்டும் மறந்துவிடுவது எப்படி நியாயமாகும்?

இனி, நமக்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஹனஃபீ மத்ஹபு இவ்வாறு கூறவில்லையே என்பர் சிலர். உண்மைதான். ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். அதன் பின் தந்தையிடம் செல்லும். பிள்ளைக்குத் தேர்வு இல்லை என்பதே அம்மத்ஹபின் பரவலான தீர்ப்பு. பக்குவமில்லாத பிள்ளை தன்னை விளையாட விடுபவரையே விரும்பும் என்பது அந்த இமாம்களின் வாதம். மதிக்கத்தக்க வாதமே. ஆனால், அது பிள்ளையின் விருப்பத்தையே தீர்ப்பாக்கிவிடுவதற்கு எதிரான வாதம். பிள்ளையின் நிலையை விசாரித்து அறிவதற்கு எதிரான வாதமன்று. ஒரு வீட்டில் அடி விழுகிறதா, சரியாக உணவு கிடைக்கிறதா, மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை எவ்வாறு நடத்துகிறார் என்பதை அந்த வீட்டில் வாழும் பிள்ளையைக் கேளாமல் எந்த மத்ஹபின் காஜி அறிய முடியும்? அன்றியும், ஷாஃபியீக் குடும்பத்தின் வழக்கில் ஹனஃபீத் தீர்ப்பைக் காட்டிப் பிள்ளையின் வாயை அடைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுவார்களே என்பது இரண்டாவது மறுப்பு. சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லுவதற்கில்லை. ஆனால், பொய்ச்சாட்சி சொல்வோர் உண்டு என்பதற்காக, உலகில் எந்த நீதிமன்றமும் சாட்சியையே விசாரிக்காமல் விட்டதில்லை. சபை நடுவில் நிறுத்தி, உம்மா வேண்டுமா வாப்பா வேண்டுமா என்று அதட்டிக் கேட்டால் பிள்ளை பாடத்தைத்தான் ஒப்பிக்கும். தனியாக உட்கார வைத்து, காலையில் யார் எழுப்புகிறார்கள், பாடம் யார் சொல்லித் தருகிறார்கள், இரவில் பயந்தால் யாரைக் கூப்பிடுவாய், எந்த வீட்டில் உன் தோழர்கள் இருக்கிறார்கள் என்று பரிவோடு கேட்டால், பாடம் எது, மனம் எது என்பது தெரிந்துவிடும். ஜீவனாம்சத் தொகையையும் நகைக் கணக்கையும் பற்றிப் பேசுகிற எட்டு வயதுப் பிள்ளை யாருடைய சொல்லைப் பேசுகிறது என்று கண்டுகொள்ள முதிர்ந்த அறிவு வேண்டியதில்லை. ஒருமுறை மட்டுமன்றி, நாள் விட்டு இரண்டு மூன்று முறை கேட்க வேண்டும்.

இத்தனை சிறிய தலையில் இத்தனை பெரிய சுமையை ஏற்றலாமா என்பது மூன்றாவது மறுப்பு. மறுப்புகளில் இதுவே மனத்தைத் தொடுவது. உம்மாவைச் சொன்னால் வாப்பா வருந்துவார், வாப்பாவைச் சொன்னால் உம்மா அழுவார் என்று அஞ்சி, இரவெல்லாம் உறங்காத பிள்ளைகள் உண்டு. ஆனால், கேட்பது வேறு. தீர்ப்பைப் பிள்ளையின் தலையில் கட்டுவது வேறு. உன் மனத்தில் இருப்பதை எங்களிடம் சொல், முடிவு செய்வது எங்கள் பொறுப்பு, சொல்ல விருப்பமில்லையானால் சொல்ல வேண்டாம் என்று கூறிவிட்டே கேட்க வேண்டும். பிள்ளையின் மௌனத்தையும் மதிக்க வேண்டும். கேட்கப்படாத பிள்ளைக்குச் சுமை இல்லை என்று யார் சொன்னார்? தன்னால்தான் பெற்றோர் பிரிந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு, அதனை எவரிடமும் சொல்ல வழியின்றி வளரும் பிள்ளை சுமப்பது இன்னும் பெரிது.

தந்தையின் உரிமை என்னாவது என்பது நான்காவது மறுப்பு. தந்தை வலீ, வம்சம் அவர் வழியே அறியப்படுகிறது, பிள்ளைக்குச் செலவு செய்யும் கடமையும் அவருடையது. இவற்றில் எதுவும் பிள்ளையைக் கேட்பதால் குறைந்துவிடாது. பிள்ளை தாயிடம் இருந்தாலும் அந்தச் செலவுக் கடமை தந்தையை விட்டு நீங்காது. என்னிடம் இல்லாத பிள்ளைக்கு நான் ஏன் செலவு தர வேண்டும் என்று கேட்கும் தந்தையரை நம் சபைகள் கண்டிக்காமல் விட்டுவிடுகின்றன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. உமர் (ரலி) அவர்கள் தாம் பிரிந்துவிட்ட மனைவியிடம் பிறந்த மகன் ஆஸிமைப் பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடக் கண்டு தூக்கிக்கொள்ள, பிள்ளையின் தாய்வழிப் பாட்டி வந்து தடுத்தார். வழக்குக் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பாட்டியிடமே பிள்ளையை விட்டுவிடும்படி அவர்கள் கூற, உமர் (ரலி) அவர்கள் மறுமொழி ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆஸிம் கேட்கும் வயதுக்கு வராத சிறு பிள்ளை. ஆயினும், பிள்ளையின் நலனுக்கு முன்னால் தந்தையின் விருப்பம் எவ்வாறு பணிந்தது என்பதை அங்கே காண்கிறோம். உமர் (ரலி) அவர்களை விட அதிக உரிமை படைத்த வாப்பா நம் ஊரில் எவர் இருக்கிறார்?

இவையெல்லாம் மேல்நாட்டு நாகரிகம் என்பது கடைசி மறுப்பு. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 388-1-ஆம் பிரிவு 1993-இல் வந்தது. பகுத்தறியும் ஆற்றலுள்ள பிள்ளையை, அதனைப் பற்றிய எந்த வழக்கிலும் நீதிபதி விசாரிக்கலாம் என்றது. 2007-இல் அது திருத்தப்பட்டு, பிள்ளையே வேண்டினால் கேட்டே ஆக வேண்டும் என்று ஆயிற்று. பிள்ளை பேச மறுத்தால், அம்மறுப்பு தக்கதா என்பதை நீதிபதி ஆராய வேண்டும். பிள்ளை தனியாகவோ, வழக்கறிஞரோடோ, தனக்கு விருப்பமான ஒருவரோடோ பேசலாம். கேட்கப்பட்டதனால் அது வழக்கின் கட்சிக்காரர் ஆகிவிடாது. அச்சட்டம் வயது எதனையும் குறிப்பிடவில்லை. பகுத்தறியும் ஆற்றலையே அளவாகக் கொள்கிறது. நம் ஃபுகஹாக்கள் தம்யீஸ் என்று சொன்னதும் அதுவே. பாரிஸ் நகரத்தார் எழுதுவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே திமிஷ்க் நகரத்து இமாம் எழுதிவிட்டார். இதனைப் பெருமை பேசுவதற்காக எடுத்துக் காட்டவில்லை. எழுதி வைத்ததை அவர்கள் நடத்துகிறார்கள்; நாம் ஓதி மட்டும் வைத்திருக்கிறோம்.

முஸ்லிம் நாடுகளையே பாருங்கள். காரைக்காலிலிருந்தும் நாகூரிலிருந்தும் நம் முன்னோர் கடல் கடந்து சென்று கடை வைத்த மலேசியாவில், கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984-ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தாயின் ஹளானத் காலம் ஆண் பிள்ளைக்கு 7 வயதிலும் பெண் பிள்ளைக்கு 9 வயதிலும் முடிகிறது என்றும், நீதிமன்றம் அதனை 9-க்கும் 11-க்கும் நீட்டலாம் என்றும் அது கூறுகிறது. அதன் பின், தம்யீஸ் அடைந்த பிள்ளை, நீதிமன்றம் வேறு உத்தரவு இட்டாலன்றி, பெற்றோரில் எவரிடம் இருப்பது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும். இந்தோனேசியாவின் 1991-ஆம் ஆண்டின் இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு 12 வயதை எல்லையாக வைத்து அவ்வாறே சொல்கிறது. இவை இரண்டும் ஷாஃபியீ மத்ஹபு வழங்கும் நாடுகள். இவர்கள் மேல்நாட்டாரிடம் கடன் வாங்கினார்கள் என்று எவர் கூறுவார்?

நம் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது? 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளை அறிவோடு விருப்பம் தெரிவிக்கும் வயதினதானால் நீதிமன்றம் அவ்விருப்பத்தைக் கருதலாம் என்கிறது. கருதலாம் என்ற சொல்லில் கட்டாயம் இல்லை; அது குறையே. ஆனால் நீதிமன்றங்கள் அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்திருக்கின்றன. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறியது. 2008-இல் கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் சிறுவனின் விருப்பத்தை அறியாமல் அவனைத் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது சரியன்று என்று கண்டு, உச்ச நீதிமன்ற நீதிபதிகளே அவனைத் தம் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். தாயை இழந்து தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை அவன். தந்தையிடம் செல்ல மாட்டேன் என்றான். தீர்ப்பும் அவ்வாறே அமைந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகளுக்கு ஒரு சிறுவனோடு உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. நம் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நேரம் இல்லையா?

ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துக் கூறும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கிறது. அதனை 1990-இல் பிரான்சும் 1992-இல் இந்தியாவும் ஏற்றன. ஜமாஅத்தின் தீர்மானமோ ஃபத்வாவோ எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதை 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது என்பதையும் நம் நிர்வாகிகள் நினைவில் வைக்க வேண்டும். பிள்ளையைக் கேளாமல் எழுதிய உடன்படிக்கை நாளை நீதிமன்றத்தில் ஏறினால், முதல் கேள்வியிலேயே அது தடுமாறும்.

யாரிடம் வளர்வது என்பதற்காவது நாலு பேர் வாதாடுகிறார்கள். மற்றவரைச் சந்திப்பது பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. சந்திப்பு என்பது பெற்றோருக்கு ஊர் அளிக்கும் சலுகை என்றே எண்ணப்படுகிறது. அது பிள்ளையின் உரிமையன்றோ? பேருந்து நிலையத்திலோ, உறவினர் வீட்டுத் திண்ணையிலோ, பலர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மணி நேரம் வாப்பாவோடு உட்கார வைக்கப்படும் பிள்ளை என்ன பேசும்? திரும்பி வந்ததும், அங்கே யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன வாங்கிக் கொடுத்தார்கள் என்று துருவி விசாரிக்கப்படும் பிள்ளை அடுத்த முறை போகத் தயங்குவதில் வியப்பென்ன? உடனே, பிள்ளைக்கே விருப்பமில்லை என்று ஒரு தரப்பு அறிவித்துவிடுகிறது. பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் நாம் இங்கேயும் அதனையே சொல்கிறோம். போக மாட்டேன் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அச்சமா, கோபமா, பெற்றவர் ஒருவருக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற தவிப்பா, அல்லது அங்கே உண்மையாகவே ஏதேனும் தீங்கு நேர்கிறதா என்று விசாரிக்க வேண்டும். தீங்கானால் உடனே காக்க வேண்டும். தவிப்பானால் அதனைத் தீர்த்து உறவைக் காக்க வேண்டும். கேளாமல் கட்டாயப்படுத்துவதும் குற்றம். கேளாமல் உறவை அறுப்பதும் குற்றம்.

கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்கு இது இன்னும் கடுமையான விஷயம். வாப்பா வளைகுடாவிலோ பிரான்சிலோ இருக்க, பிள்ளை இங்கே இருக்கும். அத்தகைய நிலையில், தொலைபேசியிலும் காணொளியிலும் பேசுவதற்கு வழி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வலியுறுத்தியது. எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதைப் பிள்ளையின் பள்ளிக்கூட நேரமும் உறக்க நேரமும் பார்த்து, அதனையே கேட்டு அமைக்கலாம். வேறு சில வீடுகளில், விடுமுறைக்கு ஊருக்கு என்று அழைத்து வந்த பிள்ளையின் கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இனி இங்கேதான் என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளைக் கடத்திச் செல்வது பற்றிய 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் பிரான்சு இருக்கிறது; இந்தியா சேரவில்லை. எனவே, அத்தகைய வழக்குகளில் பிள்ளையின் நலனை முதன்மையாக வைத்து இங்குள்ள நீதிமன்றமே ஆராயும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிரெஞ்சு மொழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, தமிழ்ப் பாடநூலின் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடவுச்சீட்டை அலமாரியில் பூட்டும் முன் பாட்டனார் ஒருவராவது அந்தப் பிள்ளையைக் கேட்டிருக்கலாகாதா?

ஆகவே, காரைக்கால் வட்டாரத்து ஜமாஅத்துகளின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். ஏழு வயது நிறைந்த பிள்ளை இருக்கும் எந்தப் பிரிவு வழக்கிலும், பிள்ளையைக் கேட்டறிந்த பின்னரே உடன்படிக்கை எழுதப்பட வேண்டும். கேட்பவர் இரு குடும்பத்துக்கும் உறவினராக இருக்கலாகாது. பள்ளி ஆசிரியை ஒருவர், ஆலிமா ஒருவர் என இருவர் போதும். பெண் பிள்ளையானால் கேட்பவர்கள் பெண்களாகவே இருக்க வேண்டும். கேட்குமிடம் சபை நடுவாக இருக்கலாகாது. பெற்றோர் இருவரும் அருகில் இருக்கலாகாது. பிள்ளை கூறியதை அப்படியே சபையில் வாசித்து அதனைப் பெற்றோரின் கோபத்துக்கு ஆளாக்காமல், முடிவுக்கு வேண்டிய அளவே தெரிவிக்க வேண்டும். உடன்பிறந்தாரைப் பிரிக்கும் முடிவு எதுவும் அப்பிள்ளைகளைக் கேளாமல் எடுக்கப்படலாகாது. சந்திப்பின் நாளும் இடமும் தெளிவாக எழுதப்பட வேண்டும். இரு பெருநாள்களும் பள்ளி விடுமுறைகளும் அதில் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையை மீண்டும் கேட்டு ஏற்பாட்டைத் திருத்த வேண்டும். மனம் மாறிய பிள்ளையை மாற்றலாம் என்று மின்ஹாஜ் சொல்லியிருக்க, ஒருமுறை எழுதியதே முடிவு என்று பிடிவாதம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. அடி, வன்கொடுமை, தீய நடத்தை பற்றிப் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும், அந்த வழக்கை ஜமாஅத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அன்றே நீதிமன்றத்துக்கும் குழந்தைகளைக் காக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்ப வேண்டும்.

இவற்றில் பணச் செலவு உள்ளது ஒன்றும் இல்லை. புதிய சட்டம் வேண்டியதும் ஒன்றும் இல்லை. உலமாக்கள் ஜும்ஆ மேடையில் அபூ இனபாவின் கிணற்று நிகழ்ச்சியை ஒருமுறை விளக்கிச் சொன்னால், பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி ஜமாஅத் நிர்வாகிகளின் கையில் இருக்கிறது. அவர்கள் செய்யத் தயங்கினால், பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் தந்தைமாரும் தங்கள் வழக்கில் இதனைக் கேட்டு வாங்கட்டும்.

அடுத்த முறை ஜமாஅத் கூடி, நகைப் பட்டியலை எழுதப் பேனாவை எடுக்கும்போது, சபையில் ஒருவர் எழுந்து, பிள்ளையைக் கேட்டீர்களா என்று வினவட்டும். விடை வரும் வரை அவர் உட்கார வேண்டாம்.